வண்டி முறையிடும்போது

நோயாளி தன் வலியை வாய் திறந்து சொல்வான். வண்டிக்கு வாய் இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு மொழி உண்டு. மெல்ல உருளும்போது அமைதியாயிருக்கும் வண்டி, ஆக்சிலேட்டரை அழுத்தியதும் கடகடக்கிறது, கீச்சிடுகிறது, சீறுகிறது. பாரம் ஏறும்போதுதான் மறைந்திருந்த பழுது பேசத் தொடங்கும். அம்முறையீட்டுக்குச் செவிசாய்ப்பது குடும்பத் தலைவரின் கடமைகளுள் ஒன்று என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில், ஒலி எங்கிருந்து எழுகிறது என்று அறிய வேண்டும். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்திப் பாருங்கள். அப்போதும் அதே ஒலி கேட்டால் குற்றம் பெரும்பாலும் என்ஜின் பக்கத்தது: பெல்ட், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங், புகைக்குழாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் கேட்டால், ஒரே வேகத்தில் செல்கையில் கியரை மாற்றிக் கவனியுங்கள். ஒலியும் மாறினால் அது என்ஜினின் சுழற்சியைப் பின்பற்றுகிறது. மாறாவிடில் சக்கரத்தைப் பின்பற்றுகிறது.

ஒலியின் தன்மையும் வழிகாட்டும். அழுத்தியவுடன் எழும் கீச்சொலி, தளர்ந்த அல்லது தேய்ந்த பெல்ட்டினுடையது. வேகத்தோடு வளர்ந்து, கியர் மாற்றத்துக்கு அசையாத ரீங்காரம், சக்கர பேரிங்கினுடையதாகவோ டயரினுடையதாகவோ இருக்கலாம். முன்சக்கரங்கள் இழுக்கும் கார், வளைவில் வேகம் கூட்டும்போது ‘டக் டக்’ என்று தட்டினால், அச்சின் மூட்டு தேய்ந்திருக்கக்கூடும். அம்மூட்டை மூடிய ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்ததே அதன் தொடக்கம். உறை கிழிந்தவுடனே மாற்றியிருந்தால் மூட்டு பிழைத்திருக்கும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை இன்னும் பேணி வருவோர், வண்டி இழுக்கத் தொடங்கும் கணத்தில் ‘டங்’ என்ற ஓசை கேட்டால் நீள் ஷாஃப்டின் கிராஸைப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் உயர்ந்த கியரில் ஏறும்போது உள்ளிருந்து உலோகம் தட்டுவதுபோல் கேட்டால், உடனே கியரைக் குறைக்க வேண்டும்; பெட்ரோலின் தரம், உள்ளே படிந்த கரி, தீப்பொறி எழும் நேரம் ஆகியவற்றைப் பின்னர் பட்டறையில் ஆராயலாம்.

இவை அனைத்திலும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்படவிருந்த பங்குக் குடும்பத்தார் தம் பழைய வேனை மந்திரிக்கக் கொண்டுவந்தனர். கோவில் மேட்டில் ஏறுகையில் அது ‘புசு புசு’ என்று சீறியது. விசாரித்தோம். “ஒரு மாதமாக இருக்கிறது, சாமி. பாட்டுப் போட்டால் கேட்பதில்லை” என்றார் குடும்பத் தலைவர். பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் தலைவலியும் குமட்டலும் வருவதாகத் தாயார் கூறினார். பயணக் களைப்பென்றே எண்ணியிருந்தனர்.

“தம்பி, முதலில் பட்டறை, மந்திரிப்பது நாளைக்கு” என்றோம். அவர் முகம் வாடியது, ஆயினும் சென்றார். என்ஜினோடு புகைக்குழாய் இணையுமிடத்தில் கேஸ்கட் எரிந்து, சுற்றிலும் கரி படிந்திருந்ததை மெக்கானிக் கண்டார். இருக்கைகளுக்கு அடியில் குழாய் துருவேறித் துளை விட்டிருந்தது. புது கேஸ்கட் இட்டு, குழாயை மாற்றி, போல்ட்டுகளைச் சீராக முடுக்கியதும் சீற்றம் நின்றது. திரும்பி வந்தபோது, பிள்ளைகள் வழிநெடுகச் செபமாலை சொல்லி வந்தனர், ஒருவருக்கும் தலைவலி இல்லை என்று தாயார் கண்ணீரோடு சொன்னார்.

அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். உறங்குவோர் அவற்றையும் உணராமலே உயிரிழக்கக்கூடும். பயணத்தில் பலருக்கு ஒருங்கே இத்தகைய தொல்லை வந்தால், என்ஜினை நிறுத்தி, அனைவரையும் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி மருத்துவ உதவி நாடுங்கள். மூடிய கொட்டகையில் என்ஜினை ஒருபோதும் ஓட விடாதீர்கள்.

வாகனத்தை மந்திரிப்பது நல்ல வழக்கம். ஆனால் ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது நம் ஆண்டவர் மறுத்துவிட்டார் அன்றோ? காக்கும் தந்தையை நம்புவது வேறு, அவரைச் சோதிப்பது வேறு. புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தைத் தொங்கவிட்டுவிட்டு, எரிந்த கேஸ்கட்டை அப்படியே விட்டுவைப்பது நம்பிக்கை ஆகாது.

பட்டறைக்குச் செல்கையில் ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவராதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், குளிர்ந்த என்ஜினிலா சூடேறிய பின்பா என்று குறித்துச் சொல்லுங்கள். இயன்றால் மெக்கானிக்கை உடன் அமர்த்தி அதே சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். இனி வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோரிடம், தீர்த்தச் செம்பை எடுக்குமுன், பாட்டை நிறுத்திவிட்டு ஒருமுறை ஆக்சிலேட்டரை அழுத்திக் காட்டும்படி நாம் கேட்போம். தவறாக எண்ண வேண்டாம்.