பல்லாவரம் குகையும் ஒரு ராஜாவின் தாளமும்

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் போகிறவர்களுக்குப் பல்லாவரம் என்றால் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய நாற்காலி, ரோஜாச் செடி, அதிர்ஷ்டம் இருந்தால் தந்தி அறுந்த கிட்டார்கூடக் கிடைக்கும்.

2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட இந்த ஊருக்கு வயது அதிகம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இங்கேதான். அதோடு ஒப்பிட்டால், நாம் பார்க்கப்போகும் குகை நேற்று வெட்டியது. சுமார் 1,400 வயது!

மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த அந்தக் குகை இன்று தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கேயும் திருச்சி மலைக்கோட்டையிலும் மகேந்திரன் தன் பட்டப்பெயர்களைக் கல்லில் வரிசையாக வெட்டிவைத்தான். எந்தப் பெயருக்கும் விளக்கம் கிடையாது.

அவனுடைய பட்டங்களில் ஒன்று 'சங்கீர்ணஜாதி'. மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்தான். திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. அவனே பரிசோதித்துக் கண்ட தாள வகையால் வந்த பட்டம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. வேறு பொருள் சொல்பவர்களும் உண்டு. என் ஓட்டு முதல் கட்சிக்கு. ஆள் அப்படி! செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டாகவே சொன்னவன். 'மத்தவிலாசம்' என்ற சிரிப்பு நாடகம் எழுதியவன்.

நாடகத்துக்குப் பார்வையாளர் வேண்டும். தாளப் பரிசோதனைக்கு? சபையைக் கூட்டினால் தலையாட்ட ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். ஆனால், ராஜா தப்பாகத் தட்டினாலும் ஆடுகிற தலைகள் அவை. ஒன்பதாவது தட்டு சரியாக உட்கார்ந்ததா என்பதைத் தன் தொடையில் தட்டித்தான் பார்த்திருப்பான் என்று தோன்றுகிறது. குரோம்பேட்டை மாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாருக்கும் அனுப்பாத சத்தங்களைக் கோத்துப் பார்க்கும் பையனுக்கு இது புரியும்.

அவன் இசையில் நமக்கு வந்து சேர்ந்தது சொற்பம். காஞ்சிபுரம் பக்கத்து மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் இசை பற்றிய வரிகள் உண்டு; கல் சிதைந்துவிட்டது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் இவனுடையதே என்று முன்பு சொன்னார்கள்; அதை மறுக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தொடையில் தட்டிப் பாருங்கள்: தகதிமி தகதகிட. நாலும் ஐந்தும் ஒன்பது. பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாவது சுற்றில், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் எண்ணிக்கையைக் கலைத்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.