முன்வாசல் இல்லாத வட்டம்

திங்கட்கிழமை, நவம்பர். காலையிலிருந்து தூறல்

கனாசவாவில் ஒரு பழமொழி உண்டு: சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே. ஜப்பான் கடலை ஒட்டிய ஊர். வெயில், தூறல், மறுபடி வெயில் என்று ஒரே நாளில் வானம் பலமுறை மாறும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே தலைக்கு மேல் பெரிய கண்ணாடிக் கூடாரம் விரிந்திருக்கிறது. விருந்தாளிக்குக் குடை நீட்டும் ஊர் என்பதைச் சொல்லத்தான் அதைக் கட்டினார்கள்.

பேருந்தில் சிறிது நேரம் போனால் 21ஆம் நூற்றாண்டுக் கலைக்கூடம். திங்களன்று கண்காட்சி அறைகளுக்கு விடுமுறை. ஆனாலும் வந்தவர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. கட்டடத்தின் வெளிவட்டம் யாருக்கும் இலவசம். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை உள்ளே நடக்கலாம், உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம்.

112.5 மீட்டர் விட்டமுள்ள தட்டையான வட்டம் அது. சுற்றுச்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு பக்கம் மாநகராட்சி அலுவலகம், இன்னொரு பக்கம் கடைத்தெரு, சாலைக்கு அப்பால் கென்ரொகுஎன் தோட்டம். கட்டடத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது, அதனால் பின்பக்கமும் கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வருகிறவருக்கும் தன் தெருதான் முகப்பு. வடிவமைத்தவர்கள் கசுயோ செஜிமா, ரியூவே நிஷிசாவா இருவரும். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் சானா. 2004இல் வெனிஸ் கட்டடக்கலை விழாவின் தங்கச் சிங்க விருது கிடைத்தது. 2010இல் பிரிட்ஸ்கர் பரிசு இருவரையும் சேர்த்தே தேடி வந்தது.

விருதுகளைவிட அந்த இடத்தின் பழைய கதை முக்கியம். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளிகள் இருந்த இடம் இது. அவை வேறிடத்துக்குப் போனபோது நடுநகரில் பிள்ளைகளின் சத்தம் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தில் மதிலும் பெரிய படிக்கட்டும் வைத்துக் கலைக்கு ஒரு கோட்டை எழுப்பியிருக்கலாம். நகரம் கேட்டது ஊருக்குத் திறந்துவைத்த ஒரு பூங்கா. 2004 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். ஊர்க்காரர்கள் செல்லமாக வைத்த பெயர் ‘மாருபீ’; மாரு என்றால் வட்டம்.

வட்டத்துக்குள் ஒரு நீளச் சுவரில் பூக்கள் படர்ந்திருக்கின்றன. மைக்கேல் லின் வரைந்தவை. கனாசவாவின் காகா யூசென் பட்டுச்சாயப் பூக்களை எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் விட்டிருக்கிறார். எதிரே அதே பூ போட்ட ஆடுநாற்காலிகள். சுவரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை; உட்கார்ந்து ஆடிக்கொண்டே வெளியே மழையைப் பார்க்கலாம்.

இருட்டிய பிறகு புல்வெளியில் ஓலாஃபர் எலியாசனின் வண்ண வீடு விளக்கேற்றிக்கொள்கிறது. நீலம், செம்மை, மஞ்சள் நிறங்களில் சுருளாகச் சுற்றிய மூன்று கண்ணாடிச் சுவர்கள். ஒன்றின் வழியாக இன்னொன்றைப் பார்க்கும்போது ஊரே ஊதாவாகிறது, பிறகு பச்சையாகிறது. அதற்குச் சீட்டும் இல்லை, வேலியும் இல்லை.

செவ்வாய். மேகம், நடுவில் கொஞ்சம் வெயில்

சீட்டு வாங்குகிற நாள். கூட்டம் போவது நீச்சல் குளத்துக்குத்தான்.

அர்ஜெண்டினாவின் லியாண்ட்ரோ எர்லிச் செய்த குளம் அது. முற்றத்தில் ஏணியோடும் கரையோடும் ஒரு சாதாரணக் குளம். எட்டிப் பார்த்தால் அடியில் சட்டை போட்ட மனிதர்கள் நடமாடுகிறார்கள், யாரும் நனையவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தண்ணீர் மட்டுமே தேங்கியிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது நீலம் பூசிய ஓர் அறை. சூட்சுமம் அவ்வளவுதான், யாரும் அதை மறைக்கவும் இல்லை. தெரிந்த பிறகும் கண் நம்ப மறுப்பதுதான் இதன் அழகு. கீழே நிற்பவர் கையசைக்கிறார், மேலே நிற்கும் முன்பின் தெரியாதவர் பதிலுக்குக் கையசைக்கிறார். இரண்டு பக்கமும் ஆள் இல்லாவிட்டால் இந்தப் படைப்பு பாதிதான்.

அனிஷ் கபூரின் அறையில் பேச்சு தானாகக் குறைகிறது. மும்பையில் 1954இல் பிறந்து இங்கிலாந்தில் வேரூன்றிய சிற்பி. சாய்ந்த கான்கிரீட் சுவரில் ஒரு பெரிய கரிய நீள்வட்டம். அது பள்ளமா, சுவரில் பூசிய சாயமா, முன்னால் புடைத்து நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடி ஆளாளுக்கு முயல்கிறார்கள். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது அடிவயிற்றில் ஏற்படும் கூச்சம் இங்கே நின்றுகொண்டிருக்கும்போதே வருகிறது.

அறையிலிருந்து அறைக்குப் போகும்போது கண் மேலே போகிறது. 2024 ஜனவரி 1, புத்தாண்டு மாலை 4.10க்கு நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. கனாசவாவும் ஆடியது. கண்காட்சி அறைகளின் கூரையில் இருந்த கண்ணாடித் தகடுகள் கழன்று விழுந்தன. இயற்கை வெளிச்சத்தை மென்மையாக்கி இறக்குவதற்கென்றே வைத்த கண்ணாடிகள் அவை. அந்த அறைகள் முழுதாகத் திறக்க ஜூன் 22 வரை ஆனது. சற்று வடக்கே வீடுகளையே இழந்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு இந்த மாவட்டத்தில் யாரும் கலைக்கூடத்தைப் பற்றி மட்டும் தனியாகக் கவலைப்பட்டிருக்க முடியாது.

புதன். நல்ல மழை

ஜேம்ஸ் டரெலின் அறைக்கு மழைநாளில்தான் போக வேண்டும். நீச்சல் குளத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இந்த அறைக்கு இதே ஊரில் பிறந்து வாரம் ஒருமுறை வர வேண்டும்.

வெறும் சதுர அறை. சுவரோரம் சுற்றிலும் உட்கார இடம். கூரையில் பெரிய சதுரத் திறப்பு, அதில் கண்ணாடி கிடையாது. திறப்பின் விளிம்பைக் கத்திபோல மெலிதாக்கியிருப்பதால் கூரையின் கனம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானம் தொலைவில் இருப்பதாகவே தோன்றாது, ஒரு துண்டுத் துணியை மேலே ஒட்டிவைத்ததுபோல் இருக்கும். பெயர் ‘நீலக் கோளின் வானம்’. இன்று நீலம் இல்லை, சாம்பல். மழை நேராக உள்ளே இறங்கி நடுத்தரையை நனைக்கிறது. சுவரோரம் உட்கார்ந்தவர்கள் நனையாமல் இருக்கிறார்கள். நம்மூர் முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது: தாழ்வாரத்தில் குந்தி, நடுவே இறங்கும் மழையைப் பார்த்த அதே உட்காரல்.

சாலைக்கு அப்பால் தோட்டத்தில் யுகிட்சுரி வேலை நடக்கிறது. பைன் மரத்தின் நடுவே உயரக் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். இங்கே விழும் பனி ஈரமானது, கனமானது. கயிறு இல்லாவிட்டால் கிளை முறியும். ஆண்டுதோறும் நவம்பர் 1இல் தொடங்கும் வேலை.

கலைக்கூடத்துக்கும் அப்படி ஆண்டுதோறும் ஒரு வேலை இருக்கிறது. நகரத்துப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் வருடந்தோறும் அழைத்துவருகிறார்கள். இந்தச் சுற்றுக்குக் கப்பல் பயணம் என்று பெயர். துணைக்கு வரும் தன்னார்வலர்கள் மாலுமிகள். பத்து வயதில் ஊர்ப்பிள்ளை ஒவ்வொன்றும் கபூரின் கறுப்பு நீள்வட்டத்துக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிடும். திரும்பும்போது கையில் இன்னொரு சீட்டு கொடுக்கிறார்கள். அதன் பெயரே ‘இன்னொரு தடவைச் சீட்டு’. அதைக் கொண்டு பிள்ளை மறுபடி வரலாம். இந்த முறை அம்மாவையோ தாத்தாவையோ கூட்டிக்கொண்டு, வழிகாட்டும் இடத்தில் தான் நின்று. கலைக்கூடங்கள் செய்த புத்திசாலித்தனமான செலவுகளில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

புல்வெளியில் ஃப்ளோரியன் கிளார் நட்ட பன்னிரண்டு குழாய்கள், ஊதுகொம்பின் வாயோடு. மண்ணுக்கடியில் இரண்டிரண்டாக இணைந்திருக்கின்றன, ஆனால் பக்கத்தில் உள்ளவை ஜோடியல்ல. ஒன்றில் கத்தினால் குரல் எங்கே வெளிவரும் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மழை சற்று விட்டதும் மஞ்சள் குடை பிடித்த ஒரு சிறுமி ஒன்றில் வாய் வைத்து ஏதோ சொல்லிவிட்டு, குடையைப் புல்லில் போட்டுவிட்டு, அடுத்த குழாய்க்கும் அதற்கடுத்த குழாய்க்கும் ஓடுகிறாள். தொலைவில், புல்வெளியின் மறுகோடியில், குனிந்து காது வைத்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து கையை உயர்த்துகிறார்.