உடம்பு முடியாதபோது கேட்கும் கணக்கு

சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கும். படுக்கையில் விழும்வரை யார் அதைப் பார்க்கிறோம்? பிப்ரவரியில் மஞ்சள் காமாலையோடு இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் போய் நின்றால், போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கைக் கேட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருந்தால்தான் உதவித்தொகை. அதுவும் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது (காய்ச்சலுக்கு அது தெரியுமா!).

காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்டகால நோய் என்றால் 80 சதவீதம், நாளும் கூடுதல். ஆனால் இரண்டு வருஷம் விடாமல் வேலையில் இருந்திருக்க வேண்டுமாம். திருப்பூரில் சீசனுக்கு ஒரு கம்பெனி என்று தைக்கும் எங்களுக்கு எழுதிய விதியாக இது தெரியவில்லை.

கம்பெனி மாறும் அக்கா, தங்கச்சிகளே, இந்தக் கணக்கு அறுந்துபோகாமல் இருக்க, பழைய இன்சூரன்ஸ் நம்பரையே கொடுங்க. புது நம்பர் போட விடாதீங்க.