இரவு வேலையும் தாதிக் கல்வியும்

அமெரிக்காவிலே தாதியாக வேண்டுமானால் சர்வகலாசாலைக்கே செல்லவேண்டும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அங்கே உழைக்கும் மக்கள் பெரும்பாலும் நாடும் வழி வேறு. 1901ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரிலே முளைவிட்ட சமுதாயக் கல்லூரிகள் இன்று நாடெங்கும் இரண்டாண்டுப் பட்டம் வழங்குகின்றன. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் அத்தகைய கல்லூரியொன்றில் நான் தாதிக் கல்வி பயில்கின்றேன், வயது 41.

ஹெயிற்றி, கானா, பிறேசில் முதலிய நாடுகளிலிருந்து வந்த தாய்மாரே எங்கள் வகுப்பில் அதிகம். பெரும்பாலோர் முதியோர் இல்லங்களிற் பராமரிப்பு உதவியாளர்கள். நானும் அவர்களுள் ஒருத்தி. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை முதியவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, மலசலம் துடைத்துவிட்டு, எட்டரைக்கு வகுப்பில் அமர்வேன். இல்லத்திலே எத்தனையோ நாட்கள் நாடித் துடிப்பை எண்ணித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். அந்த எண் எதற்கென்று எவரும் சொன்னதில்லை. டிஜொக்சின் கொடுக்குமுன் இருதயத் துடிப்பை முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும், 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும் என்று ஆசிரியை விளக்கிய அன்றுதான், நான் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு ஓர் உயிரின் கனம் உண்டென்பது விளங்கிற்று. உழைப்பவளுக்கு அவளுடைய உழைப்பின் பொருளையே மறைத்துவைப்பது தொழிற்சாலையில் மட்டும் நடப்பதன்று.

இந்த இரண்டாண்டுத் திட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உலக யுத்தத்தின் பின் தாதியர் பற்றாக்குறை வாட்டியபோது, மில்ட்றெட் மொன்ராக் என்ற கல்வியாளர் 1951இல் இதனை வகுத்தார். அதற்கு முன்னர் தாதியரிற் பெரும்பாலோரைப் பயிற்றியவை ஆஸ்பத்திரிகளே. பயிற்சி என்ற பெயரில் மாணவியரின் உழைப்பைக் கொண்டே வார்டுகள் நடந்தன. மொன்ராக் பயிற்சியைக் கல்லூரிக்கு மாற்றினார். 1952இல் பரிசோதனை தொடங்கியது. மாணவி மாணவியாகவே இருக்கவேண்டும் என்பதே அதன் உட்கிடை. எழுபது ஆண்டுகள் கடந்தபின் நாங்கள் பகலில் மாணவர், இரவிற் கூலிகள்.

1965இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், முழுத் தகுதியுள்ள தாதிக்கு நான்காண்டுப் பட்டமே வேண்டுமென அறிக்கை விடுத்தது. அன்று மூண்ட சர்ச்சை இன்றும் அணையவில்லை. இருசாராரும் எழுதுவது ஒரே அனுமதிப் பரீட்சை. பெறுவது ஒரே பதிவு. ஆயினும் எங்கள் கல்லூரியிலே தேறிய ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியொன்றுக்கு விண்ணப்பித்தபோது, இரண்டாண்டுப் பட்டத்தாரை எடுப்பதில்லை என்றே விடை வந்தது. கூடிய கல்வியால் நோயாளிக்கு நன்மை என்பதை நான் மறுக்கவில்லை. பட்டதாரித் தாதியர் மிகுந்த ஆஸ்பத்திரிகளிற் சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைவென 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அந்த மேலதிக இரண்டாண்டை யார் செலவில், எந்த நித்திரையைத் துறந்து கற்பது என்பதே எங்கள் கேள்வி.

இடையிலே ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் இம்மாநிலத்து வூஸ்ரர் நகரத்தவர். மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழிற் கற்றவன் ஊரோடு நிற்பான் என்பது அவர் கணக்கு. நானோ ஊரைவிட்டு வந்து, அவருடைய மாநிலத்தில் எலும்புகளின் பெயர்களை ஆங்கிலத்தில் மனனம் செய்கின்றேன்!

1945 முதல் இலவசக் கல்வி கண்ட நாட்டவள் நான். இங்கே சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தை 25 வயதினருக்கும் மேற்பட்டோருக்கும் 2023இலும், ஏனையோருக்கு 2024இலும்தான் மாநில அரசு நீக்கியது. நல்ல காரியந்தான். வீட்டு வாடகையை எவரும் நீக்கவில்லை. என்னருகே அமர்ந்திருந்த ஹெயிற்றிப் பெண் வாடகைக்காக வாரத்துக்கு ஐந்து இரவுகள் வேலை செய்தாள். எங்கள் பாடநெறியிற் சித்திக்க 77 புள்ளிகள் வேண்டும். அவளுக்குக் கிடைத்தவை 76. மீண்டும் சேர அடுத்த ஆண்டுவரை காத்திருக்கின்றாள். இப்போது இரவிலே நாங்கள் இருவரும் ஒரே மாடியில் வேலை. நாடியை எண்ணி முடித்ததும், எனக்குமுன் அவளே மருந்தின் பெயரைச் சொல்லிவிடுகின்றாள்.