மொன்தெர்கியில் நிற்பவள்

மார்ச் 4, அரெஸ்ஸோ
மகள் பானுவை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஏழாம் மாதம், ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது இப்போதே குழம்புகிறது. அதற்காகத்தான் இந்த நோட்டு. வீட்டிலேயே அடுக்கிவிடலாம் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வளையல்கள் பெட்டியில் கிடக்கின்றன.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 11
பார்வை நேரம் வரும்வரை சான் பிரான்செஸ்கோ கோயிலில் உட்கார்ந்திருந்தேன். பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்காவின் கை. ஆதாம் சாகக் கிடக்கிறார். பின்னால் கிழவி ஏவாள், தளர்ந்து தொங்கும் மார்போடு. பெற்று வளர்த்த உடம்பு. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பியரோவின் தாய் பக்கத்து மொன்தெர்கி ஊர்க்காரி என்றார் மாப்பிள்ளை. அங்கே கர்ப்பிணி மாதாவை வரைந்திருக்கிறாராம். “ஞாயிறு கூட்டிட்டுப் போறேன் அத்தை.” பானுவை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவள்தான், “எனக்காகப் பாத்துட்டு வாம்மா” என்றாள்.

மார்ச் 16
சின்னக் குன்று, மேலே நெருக்கியடித்த வீடுகள். ஓவியம் முதலில் இருந்தது ஊருக்கு வெளியே, சாந்தா மரியா கோயிலில். 1785-இல் கல்லறைத் தோட்டத்துக்காகக் கோயிலின் பெரும்பகுதியை இடித்தார்கள். இவள் இருந்த சுவர் தப்பியது. புதைக்கிற இடத்தில், பிள்ளை சுமக்கிறவள். ஊர்ப் பெண்கள் வயிறும் பிள்ளையுமாக அங்கேதான் வந்து வேண்டிக்கொண்டார்கள். 1950-களில் ஃபிளாரன்ஸ் கண்காட்சிக்குக் கேட்டபோது ஊர் கொடுக்க மறுத்துவிட்டது. நல்ல ஊர்.

இப்போது பழைய பள்ளிக்கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. 1917-இல் இங்கே பூகம்பம் வந்தது, ஈரத்தில் சுண்ணாம்பு உதிரும் என்று மாப்பிள்ளை பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரிதான். ஆனாலும் மண்டியிட ஓர் இடம் வேண்டாமா?

நீல அங்கியின் முன்பக்கம் வயிற்றுக்கு மேல் கட்டவிழ்ந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரிகிறது. வலக்கை அந்தப் பிளவின்மேல், இடக்கை இடுப்பில். முகத்தில் சிரிப்பில்லை, கண் தாழ்ந்திருக்கிறது. கடைசி மாதங்களில் இடுப்பு கடுக்கும்போது எல்லோரும் இப்படித்தான் நிற்போம். கணித நூல்கள் எழுதிய மனிதர், தன் வீட்டுப் பெண்களையும் உற்றுப் பார்த்திருக்கிறார்.

இரண்டு பக்கமும் தேவதூதர்கள் கூடாரத் திரையை விலக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒரே மாதிரித்தாளைத் திருப்பிப் போட்டு வரைந்த உருவங்கள். ஒருவருக்குப் பச்சை அங்கி, மற்றவருக்குச் சிவப்பு. இருவரும் அவளைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கட்டணம் கிடையாது. எனக்குச் சீட்டு வாங்கினோம். மாப்பிள்ளை என்ன சொன்னாரோ, சீட்டுக் கொடுத்த அம்மா ஒரு அட்டைப்படத்தை என் கையில் வைத்து மூடி, காசு வேண்டாமென்று தலையசைத்தார்.

மார்ச் 17
ரத்த அழுத்தம் மறுபடி 160. அட்டையை எடுக்கவே இல்லை.

மார்ச் 20
இன்று கொஞ்சம் தெளிவு. பானுவிடம் அட்டையைக் கொடுத்தேன். “இவளுக்கும் கால் வீங்கியிருக்கும்” என்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

“இந்த ரெண்டு பேரும் என்னம்மா பண்றாங்க?”

“திரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

“அவ்வளவுதானா?”

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றியிருந்த திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பிடித்துக்கொள்ளுமாறு எனக்குச் சைகை காட்டினார். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. விடவில்லை.

மார்ச் 22
திங்கள்வரை பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அதற்குள் இறங்காவிட்டால் குழந்தையை எடுத்துவிடுவார்களாம். 32 வாரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை ராத்திரி சாப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பானு இன்னொரு தலையணை கேட்டிருக்கிறாள். காலையில் எடுத்துப் போக வேண்டும்.