நாலு குரல்

இப்பதான் காலேஜ் அ கேப்பெல்லா குழுவோட ஆடிஷன் முடிஞ்சு வெளிய வந்தேன். கை இன்னும் நடுங்குது.

இங்க அமெரிக்கக் காலேஜ்கள்ல அ கேப்பெல்லான்னா உயிர். வாத்தியமே கிடையாது, தாளம்கூட வாயாலதான். யேல் யுனிவர்சிட்டில விஃபன்பூஃப்ஸ்ங்கிற குழுவை 1909லயே ஆரம்பிச்சிருக்காங்க.

முதல்ல பியானோவுல அரை அரை ஸ்வரமா ஏத்திக்கிட்டே போனாங்க, குரல் எங்க நிக்குதுன்னு பாக்க.
அப்புறம் அஞ்சாறு ஸ்வரம், ஒரே தடவை வாசிச்சாங்க. அப்படியே திருப்பிப் பாடணும்.
பத்து வருஷம் பாட்டு கிளாஸ் போனதுக்கு அதுவரைக்கும் சுலபம்.

கஷ்டம் அடுத்ததுல.

பிட்ச் பைப்பை ஒரு தடவை ஊதினாங்க. அவ்வளவுதான் ஸ்ருதி. தம்புரா இல்ல, ஸ்ருதிப்பெட்டி இல்ல.
நாலு பேர், ஆளுக்கொரு மெட்டு.
பக்கத்துல நின்ன பொண்ணு மேல போனா, என் குரலும் அவ பின்னாடியே போகுது! சேந்து பாடுறதுன்னா ஒரே ஸ்வரத்துல பாடுறதுன்னே வளந்த காது இது.

மூணாவது தடவை கண்ணை மூடிட்டு என் மெட்டை மட்டும் பிடிச்சேன்.
நாலு குரலும் சேந்து ஒரு கார்டா (chord) நின்னுச்சு பாருங்க... நெஞ்செலும்பு அதிர்ந்துச்சு.

ராத்திரி கால்பேக் லிஸ்ட் வரும், அடுத்த சுத்துக்கு யாரைக் கூப்பிடுறாங்கன்னு.
அதுல என் பேர் இல்லைன்னா, அந்தச் சத்தத்தை நான் எங்க போய்த் தேடுவேன்?