அட்டை மட்டும் மாறிய ஆய்வேடு

முனைவர் பட்டம் கைக்கு வந்ததுமே ஆய்வேட்டை நூலாக்கிவிடத் துடித்தேன். உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போகும்போது ஐஎஸ்பிஎன் எண்ணோடு ஒரு புத்தகம் இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அச்சுச் செலவு என்னுடையது. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. தலைப்பிலிருந்து ‘ஓர் ஆய்வு’ என்பதை எடுத்தேன், நன்றியுரையைச் சுருக்கினேன். மற்றபடி, தேர்வாளர்களுக்கு அனுப்பிய பிரதி அப்படியே அச்சேறியது.

நான் ஆராய்ந்தது ஏற்றப்பாட்டை. கிணற்று மேட்டில் ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் மிதிப்பார்; கீழே ஒருவர் சால் என்னும் வாளியைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு பாட்டிலேயே ஓடும். பம்புசெட் வந்ததும் மரமும் போயிற்று, பாட்டும் போயிற்று. செய்யாறு பக்கம் ஊர் ஊராகப் போய், இளவயதில் ஏற்றம் மிதித்த பெரியவர்களைப் பதிவு செய்தேன்.

அவர்களில் ஒருவருக்கு உட்கார்ந்தால் பாட்டு வரவில்லை. நாலடி பாடுவார், நின்றுவிடும். நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். சட்டென்று எழுந்து, திண்ணை ஓரமாகக் கால் மாற்றிக் கால் வைத்து, மரத்தின் மேல் நடப்பவரைப் போல நடந்தார். திரும்பும் இடத்தில் உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்தார். பாட்டு மடமடவென்று வந்தது. சால் கணக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை. களக்குறிப்பேட்டில் இதை ஒரு பக்கம் எழுதிவைத்தேன். ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. கருதுகோள், முன்னாய்வுகள், பாடல் வகைப்பாடு என்று போகும் இயல்களில் அந்த நடையை எங்கே வைப்பது?

புத்தகத்தைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். பேத்தி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஆய்வின் நோக்கம், ஆய்வு எல்லை, ஆய்வு அணுகுமுறை... அவள் தடுமாறித் தடுமாறிப் படித்தாள். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். அவள் பக்கங்களைத் தள்ளித் தள்ளி, கடைசியில் பின்னிணைப்புக்கு வந்தாள். தகவலாளர் பட்டியல். வரிசை எண், பெயர், வயது, ஊர். “தாத்தா, உம்பேரு இருக்குது!”

அவருக்கு மகிழ்ச்சிதான். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் நடந்து காட்டினேனே சார், அது எங்க வருது?”

நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தேடுகிறவனைப் போல, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆய்வேடு அப்படியே நூலாகிவிடாது. வில்லியம் ஜெர்மானோ என்ற அமெரிக்கப் பதிப்பாசிரியர், ஆய்வேட்டை நூலாக்குவது எப்படி என்றே 2005இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். எனக்கு அது கைக்கு வந்தது வெகு பின்னால். ஆனால் ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதியை மாணவனாகவே படித்திருந்தேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் அவர் செய்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் விளைந்த வீரயுகக் கவிதை என்ற ஒரே வாதம் அந்த நூலை நடத்திச் செல்கிறது. பாடுகிறவர் மனத்தில் பாட்டு எப்படித் தங்குகிறது என்பதற்கு என் கண் முன்னே ஒருவர் நடந்து காட்டியிருக்கிறார். நானோ முன்னாய்வுகள் இயலில் கைலாசபதியை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

இப்போது திரும்ப எழுதுகிறேன். முன்னாய்வு இயல் முழுவதும் போய்விட்டது. வகைப்பாட்டு அட்டவணைகளில் இரண்டொன்று மிஞ்சும். கால்தான் பாட்டை நினைவில் வைத்திருந்தது என்பதே முதல் இயல். பதிப்பாளர்களிடம் பேசினால், “இது ஏற்கெனவே வந்த புத்தகம்தானே?” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய ஆய்வேடு சோத்கங்கா ஆய்வேட்டுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சிட்ட பிரதிகளில் பெரும்பகுதி என் வீட்டுப் பரணில் இருக்கிறது. முதல் இயலை மட்டுமாவது படித்துப் பாருங்கள் என்று ஒரு பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.